ஊசி இறங்கிய இடம்

இந்திராணியின் கூடத்தில் நான்கு தையல் மெஷின்கள் நின்றன. நான்கிலும் பாதி தைத்த துணி கிடந்தது. ஊசி துணிக்குள் குத்தியபடியே இருந்தது. தைக்கும்போது யாராவது கூப்பிட்டால், துணி நகராமலிருக்க ஊசியை இறக்கிவிட்டு எழுந்து போவது அவள் பழக்கம். திரும்பி வந்து உட்கார்ந்தால், விட்ட இடத்திலிருந்து தொடர அவள் கால் மறுத்துவிடும். கொஞ்ச நாளில் இன்னொரு மெஷின் வாங்குவாள். முதல் மெஷினில் கிடக்கும் சிவப்புப் பாவாடை, மாமியார் வழுக்கி விழுந்த அன்று நின்றுபோனது. ஒட்டுத்துணி மெத்தை விரிப்பு, கணவர் தாமோதரன் மூக்குக் கண்ணாடியைத் தேடிய அன்று.

இன்று ஐந்தாவது மெஷின் வந்திறங்கியது.

"ஒரு ஆளுக்கு எதுக்கும்மா அஞ்சு மெஷினு? இருக்கறது ரெண்டு கால்தானே?" என்றார் தாமோதரன்.

"நாலு தடவை கூப்பிட்டீங்கல்ல?"

அவர் சிரித்துக்கொண்டே குளிக்கப் போனார். அவள் புது மெஷினில் ஒரு ரவிக்கைத் துணியை வைத்து மிதிக்கத் தொடங்கினாள். தோள்பட்டை முடிந்து பக்கவாட்டுத் தையலில் பாதி வந்திருப்பாள்.

"இந்திரா, துண்டை மறந்துட்டேன். எடுத்துட்டு வா."

கை பழக்கத்தில் ஊசியை இறக்கும் சக்கரத்தை நோக்கிப் போய், தொடாமல் நின்றது. கால் நிற்கவில்லை.

"இந்திரா! காதுல விழலையா?"

தையல் துணியின் ஓரத்தைத் தொட்டது, தாண்டியது. ரவிக்கை பின்பக்கம் சரிந்து தொங்கியது. துணியே இல்லாத இடத்தில் ஊசி குத்திக் குத்தி எழுந்துகொண்டிருந்தது. குளியலறைத் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. அவள் இன்னும் வேகமாக மிதித்தாள்.