பஸால் காக்கா அழவில்லை

"காக்கா, அழணும்," என்றான் றிஸ்வான். "நிறைய வேணாம். கண் கலங்கினாலே காணும்."

பஸால் பக்கத்து மேசைக்குக் கொண்டுபோன கோழிப் புரியாணியோடு அப்படியே நின்றார். அழுவதற்கு உகந்த நேரமில்லை. ஜும்ஆத் தொழுகை முடிந்து, கல்முனையில் பாதி அந்த ஹோட்டலுக்குள் இருந்தது. அவர்தான் அங்கே மூத்த வெயிட்டர், இளையவர்களுக்கெல்லாம் அண்ணன் முறையில் காக்கா.

றிஸ்வான் கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்தான். அங்கே ஒரு பெரிய ஹோட்டலில் அவன் மெனேஜர் என்பது ஊருக்கே தெரியும், அவனேதான் சொல்லியிருந்தான். லீவில் வந்தால் வெள்ளை ஜுப்பா, அத்தர் வாசம், 'ஈகைக் கரம்' என்று ஒரு பேஸ்புக் பக்கம். ஏழைகளுக்குக் கொடுப்பான். போன் பார்த்துக்கொண்டிருக்கும்போது கொடுப்பான். போனைப் பிடிப்பவன் பெண்சாதியின் தம்பி அஷ்ரப்.

போன லீவில் நிந்தவூர் ஐஸ்பழக்காரருக்குக் கொடுத்தான். மனிதர் தேம்பித் தேம்பி அழுதார். இன்றைக்கும் ஐஸ்பழம் வாங்க வரும் பிள்ளைகள், "எங்க, ஒருக்கா அழுங்க காக்கா" என்று கேட்டுவிட்டுத்தான் சல்லியை நீட்டுகிறார்கள்.

பஸாலின் மகள் ஸுஹைறா ஒலுவில் கெம்பஸில் படிக்கிறாள். அங்கே அந்தப் பக்கத்தைப் பார்க்காத பிள்ளை இல்லை.

இந்த லீவின் ஏழைகள், வெயிட்டர்கள்.

"எங்கட சனத்துக்கு டிப்ஸ் எண்டா என்னெண்டே தெரியா," என்று சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று, பள்ளிவாசல் பிரசங்கம்போல, போனுக்குப் பயான் செய்தான் றிஸ்வான். அமெரிக்காவில் வெயிட்டருக்குச் சம்பளம் பேருக்குத்தானாம். பில்லுக்கு மேலே விழும் இருபது வீதத்தில்தான் அடுப்பெரியுமாம். பிரான்ஸில் எல்லாம் பில்லுக்குள்ளேயே அடக்கம், மேலே சில்லறைதான் மிஞ்சும். ஜப்பான்காரன் ஒன்றும் வைக்கமாட்டான். ஆனால் குனிவான், நாமும் குனிய வேண்டும். அரபி தட்டுக்கு அடியில் மடித்து வைத்துவிட்டு எங்கேயோ பார்ப்பான். நாமும் எங்கேயோ பார்த்துக்கொண்டு எடுக்க வேண்டும்.

"எங்கட ஆக்கள் மட்டும் பல்லுக்குத்தியையும் சேத்து எடுத்துக்கிட்டுப் போயிருவாங்க!"

கடை சிரித்தது. கல்லாவிலிருந்த முதலாளி மீராசாஹிபு எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். சம்பளத்தைக் கூட்டிக் கேட்டால், 'அதான் சனம் சந்தோசம் தருகுதே' என்பவர் அவர். சனம் பஸாலின் கையில் வைக்கிற அந்தச் சந்தோசம், நல்ல நாளில் ஒரு பிளேன்டீக்கும் வடைக்கும் காணும்.

றிஸ்வான் நாலு ஐயாயிரம் ரூபாய்த் தாள்களை விசிறிபோல விரித்து நீட்டினான். பஸாலின் அரை மாதச் சம்பளம்.

பஸாலின் கையும் அசையவில்லை, முகமும் அசையவில்லை.

"காக்கா, முகத்தில ஒண்டும் வரல்லயே."

"என்ன வரணும்?"

"கண்ணீர்."

"வெங்காயம் குசினிக்குள்ள இரிக்கி. கொண்டுவரச் சொல்லவா?"

"பஸால், கடைக்கி விளம்பரம் மனிசன்!" கல்லாவிலிருந்து உத்தரவு வந்தது. "அழுதிட்டுப் போ. ஏலாட்டி நாளைக்கி வர வேணாம்."

பஸால் புரியாணியை வைத்தார். தோளில் கிடந்த துண்டில் கையைத் துடைத்தார். வந்துவிட்டது கண்ணீர் என்று அஷ்ரப் போனை நெருக்கிக் கொண்டுவந்தான்.

பஸால் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு நூறு ரூபாயை எடுத்தார். இரண்டாக மடித்தார். றிஸ்வானிடம் நீட்டினார்.

"தம்பி, நீங்களும் இவ்வளவு நேரம் நிண்டுகிட்டுத்தானே வேல செய்றீங்க. வெச்சிக்கங்க."

றிஸ்வான் கத்தப் போகிறான் என்றுதான் எல்லோரும் காத்திருந்தார்கள். பஸாலும்தான்.

றிஸ்வானின் இடுப்பு லேசாக வளைந்தது. ஐயாயிரங்களைப் பிடித்த இடக்கை நெஞ்சுக்குப் போனது. வலக்கையின் இரண்டு விரல்கள் தாளைச் சத்தமில்லாமல் வாங்கின.

"தேங்க் யூ சேர். சீ யூ எகெய்ன்," என்றது வாய்.

விரல்கள் தாளோடு வயிற்றுப் பக்கம் இறங்கி, ஜுப்பாவில் இல்லாத ஒரு சின்னப் பையைத் தேடித் தடவின.

கடை வெடித்துச் சிரித்தது. "யா அல்லா! மச்சான், என்னா நடிப்பு!" அஷ்ரப் துள்ளினான். "இத இப்பிடியே போடுறன்."

றிஸ்வான் சிரிக்கவில்லை. பஸாலும் சிரிக்கவில்லை.

"அழி," என்றார் பஸால்.

"என்னத்துக்கு காக்கா? நல்லாத்தானே வந்திரிக்கி."

"அதில என்ட முகம் இரிக்கி. என்னக் கேட்டா எடுத்த? அழி."

முதலாளி கல்லாவை விட்டு எழுந்தார். நாளைக்கு வர வேண்டாம் என்பதை இன்னொரு முறை, தெருவுக்கும் கேட்கச் சொன்னார். மேசைகள் பசியில் முனகத் தொடங்கின. ஒரு புரியாணி ஆறிக்கொண்டிருந்தது. பஸால் போனின் மேல் உள்ளங்கையை வைத்தபடி, தூணைப்போல நின்றார்.

அஷ்ரப்புக்குத்தான் கை வலித்தது. அழித்தான். பஸால் மூக்குக் கண்ணாடியைப் போட்டு, திரையை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வழிவிட்டார்.

"இந்த மனிசனுக்கு விசர்," என்று முணுமுணுத்துக்கொண்டு அஷ்ரப் வெளியே போனான்.

பஸால் அவர்களுடைய மேசையைத் துடைக்கக் குனிந்தார்.

"கட்டார்ல எந்த ஷிப்ட் மனே?" என்று கேட்டார், பக்கத்து மேசைக்குக் கேட்காத குரலில்.

"நைட் காக்கா," என்றான் றிஸ்வான். எச்சில் தட்டுகள் அதற்குள் அவனுடைய இடக்கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, ஆடாமல் அடுக்கப்பட்டிருந்தன.