காருக்கு அந்தப் பக்கம்

"இன்னிக்காவது அப்பா பக்கத்துல வந்து நில்லுங்களேன்."

"இங்கேயே இருக்கேன். நீ போ."

மைதானத்தின் ஓரத்தில் காரை நிறுத்திய கணவன், இறங்கி அந்தப் பக்கமாகப் போய் நின்றுகொண்டான். ஆறு ஞாயிற்றுக்கிழமைகளாக இதே கதைதான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பா அதற்குள் பெட்டியைத் திறந்து, தன் குட்டி விமானத்துக்கு இறக்கை மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு திருகாணியை நுழைக்க மூன்று தடவை முயன்றார். நான்காவது தடவை நுழைந்தது. அவள் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள்.

துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டிய கை அது. "முட்டைப் பெட்டியைக்கூட சத்தமில்லாம இறக்குவேன்" என்று பெருமையடிப்பார். போன வருடம் வலது கை நடுங்க ஆரம்பித்தது. இப்போது சட்டைப் பட்டன் போடவே கால்மணி நேரம்.

ஆனாலும் இந்த ரிமோட் விமானத்தை மட்டும் விடவில்லை. வாரம் பூரா நாற்காலியை விட்டு எழுந்திருக்காத மனுஷன், ஞாயிறு என்றால் ஐந்து மணிக்கே ஷேவ் பண்ணி, ஷூ போட்டு உட்கார்ந்திருப்பார்.

இரண்டு மாதம் முன்பு அவர் விமானம் தலைகுப்புற வந்து ஒரு நாற்காலியை நொறுக்கியது. அதில் உட்கார்ந்திருந்தவர் அப்போதுதான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். அங்கே விமானம் விடுகிறவர்களின் சங்கச் செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"ஆறு வாரம் பார்ப்பேன். அதுக்கப்புறம்தான் நீங்க தொடர்ந்து பறக்கவிடலாமா வேண்டாமான்னு சொல்வேன்."

இது ஆறாவது வாரம்.

"மாப்பிள்ளை இங்க வரலையாம்மா?"

"அங்கேயே நிக்கறார்ப்பா."

அப்பா எட்டிப் பார்த்தார். "கார்கிட்டயேவா? சரி, விடு. அவருக்கு இதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு."

சிரிக்கத்தான் பார்த்தார். வரவில்லை.

விமானம் ஓடி, எம்பி, மேலே போனது. அவளால் வானத்தைப் பார்க்க முடியவில்லை. அப்பாவின் கட்டைவிரல்களையே பார்த்தாள். ரிமோட்டின் குச்சிகள் மேல் அவை படபடவென்று அடித்துக்கொண்டன. இரண்டடி தள்ளிப் போய் நின்றாள். மறுபடி வந்தாள். கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

செயலாளர் கையைக் கட்டிக்கொண்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பிக் காரைப் பார்த்தாள். பானெட்டுக்குப் பின்னால் கணவனின் தலையும் தோளும் மட்டும் தெரிந்தன. வாயைத் திறந்தபடி ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு, கனவு காண்கிற மாதிரி.

இவருக்கு வந்து நிற்பதில் என்ன குறைந்துவிடும்? வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ், ஆபீஸ் என்று இருட்டின பிறகுதான் வீட்டுக்கு வருகிறார். சரி என்று பொறுத்துக்கொண்டாள். மாமனாருக்காக ஒரு பத்து நிமிஷம்கூடவா கிடையாது?

"இறக்கப் போறேன்!" என்று அப்பா கத்தினார்.

இதையாவது பக்கத்தில் நின்று பார்க்கட்டும். விறுவிறுவென்று காரைச் சுற்றிக்கொண்டு போனவள், அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

வானத்தில் விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சரசரவென்று கீழே இறங்கியது.

"ஐயோ!" என்று யாரோ அலறினார்கள்.

"கையை எடு!" கணவன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "ஒரு நிமிஷம் சும்மா இரு. இறக்கிடறேன்."

அப்போதுதான் பார்த்தாள். பானெட் மறைவில், அவன் இரண்டு கையிலும் இன்னொரு ரிமோட்.

விமானம் நிமிர்ந்தது. ஒரு வட்டம் போட்டு, புல்லைத் தொட்டு, அலுங்காமல் ஓடி நின்றது. அங்கே கைதட்டல் கேட்டது.

அவன் சட்டையில் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"மாமா ரிமோட்டும் இதுவும் ஒண்ணோட ஒண்ணு சேர்த்தது. அவர் கை சரியா இருக்கற வரைக்கும் அவர்தான் ஓட்டறார். நடுங்க ஆரம்பிச்சா இந்தப் பொத்தானை அமுக்கி நான் வாங்கிக்குவேன். அவருக்குத் தெரியாது."

"செயலாளருக்கு?"

"அவர்தானே கத்துக்கொடுத்தார். வாரத்துல ரெண்டு சாயந்தரம், இதே மைதானத்துல. இந்த ஏற்பாடு இருந்தாத்தான் மாமாவை விடுவேன்னுட்டார்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"உனக்கு எதையும் முகத்துல மறைக்கத் தெரியாதே! மாமா ஒரே நிமிஷத்துல கண்டுபிடிச்சிருப்பார்."

அவள் அவன் தோளில் கசங்கியிருந்த சட்டையைத் தட்டிச் சரிசெய்தாள். அதற்குள் அப்பா கூப்பிடும் சத்தம் கேட்டது. ஓடினாள்.

"பாத்தியா? கடைசி நேரத்துல காத்து ஒரு தள்ளு தள்ளிச்சு. அப்படியே பிடிச்சு நிறுத்திட்டேன்ல!"

செயலாளர் வந்து அப்பாவின் முதுகில் தட்டினார். "இனிமே உங்களை யாரும் கேக்க மாட்டாங்க. வாராவாரம் வாங்க."

காரின் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்பாவின் முகம் பளபளத்தது. அவள் காதருகே குனிந்தார்.

"மாப்பிள்ளை பாத்தாரா?"

அவள் அப்பாவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அது இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. இயன்ற அளவு முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னாள்:

"அவர் எங்க பாத்தார்ப்பா? கார்ல ஏறி நல்லாத் தூங்கிட்டார்!"