திருப்பிப் போட்ட எழுத்து

துறைமுகத்திலிருந்து வந்த பாஸ்கல் தன் வீட்டு வாசலிலேயே நின்றுவிடுகிறான். உள்ளே அவன் மனைவி ஃப்ளோராவும், அவளோடு எம்.ஏ. தர்க்கம் படிக்கும் ஜேக்கப்பும் தார் பூசிய கதவில் சாக்பீஸால் மாறி மாறி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சாயங்கால வெயில் அவர்கள் இருவர்மேலும் ஒன்றாக விழுகிறது. அவள் எழுத எழுத வளையல் குலுங்குகிறது, இடையில் சிரிக்கிறாள். இந்தச் சிரிப்பை அவன் கேட்டதில்லை. கதவில் ஆங்கில E ஒன்று பின்பக்கம் பார்த்து நிற்கிறது. கப்பல் பெட்டியில் E அப்படி நின்றால் பெட்டியையே கவிழ்த்து வைத்துவிட்டார்கள் என்று பொருள். “இன்னா சார், தலகீழா கீது?” என்கிறான். இருவரும் சேர்ந்து சிரிக்கிறார்கள்.

“வேணும்னேதாங்க திருப்பினது. நூறு வருஷத்துக்கும் முந்தி ஒரு இத்தாலிக்காரர் தர்க்கத்துக்குப் போட்ட குறி,” என்கிறாள் ஃப்ளோரா. “பேச்சுல சொன்னா குழப்பம் வரும், இதுல வராது. யாரோ ஒருத்தர் இருக்காருன்னு அர்த்தம்.”

“யாரு?”

“அதச் சொல்லாது,” ஜேக்கப் முந்திக்கொள்கிறான். “ஆள் உண்டுன்னு மட்டும் சொல்லும். பேரு தேவையில்ல.”

ஃப்ளோராவின் காதோரம் வெள்ளையாக ஒரு சாக்பீஸ் தீற்றல். அவள் விரல் பட்டதா, ஜேக்கப் விரலா? பாஸ்கல் அதையே பார்க்கிறான்.

“பேரு இன்னாத்துக்கு சார்,” என்கிறான் மெதுவாக. “ஆளுதான் என் வூட்டுக்குள்ளயே கீறாரே.”