விளாவாத வெந்நீர்

தண்ணீர் பட்டதும் அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அப்படிச் சுட்டது.

சாமியின் கால் அசையவில்லை.

ஊர் ஊராக, கோயில் கோயிலாக வெறுங்காலோடு வருகிறவருக்குக் கால் வலிக்குமே என்று பாத பூஜைக்கு வெந்நீர் வைத்த தொண்டர், பச்சைத் தண்ணீர் விட்டு விளாவ மறந்துவிட்டார். அந்தக் கூட்டத்தில் மனுஷன் சாமியைப் பார்ப்பாரா, சொம்பைப் பார்ப்பாரா?

புருஷன் ஊற்ற வேண்டும், பெண்டாட்டி தேய்த்துக் கழுவ வேண்டும். அதுதான் முறை. அவள் வீட்டுக்காரர் துண்டு சுற்றிய சொம்பைப் பிடித்துக்கொண்டு, பரவசமாக ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"போதுங்க, கொதிக்குது."

"சாமியே சும்மா இருக்காரு, உனக்கென்ன?"

அவள் சொம்பைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். அதற்குள் விஷயம் பின்வரிசை வரை போய்விட்டது. கொதிக்கிற தண்ணீராம், சாமி முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லையாம். மண்டபமே கையெடுத்துக் கும்பிட்டது. ஓர் அம்மாள் விசும்ப ஆரம்பித்துவிட்டாள்.

இவள் மட்டும் கும்பிடவில்லை.

ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற நர்ஸ் அவள். காலையில் போய் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை சர்க்கரைக்காரர்களின் கால்தான் அவளுக்குப் பிழைப்பு. சாமியின் பாதத்தை மெல்லத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தாள். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு குழி. குழிக்குள் ஒரு கல், எந்தக் கோயில் வாசலில் ஏறியதோ, சொந்த வீடு மாதிரி குடியிருந்தது. சுற்றிலும் கறுத்துப்போயிருந்தது.

அவள் வந்தது வேறு காரியத்துக்கு.

வீட்டுக்காரருக்கும் சர்க்கரை. கொஞ்சநஞ்சமில்லை, எக்கச்சக்கம். சாமியிடம் உபதேசம் வாங்கிய நாளிலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டார். சாமி மாத்திரை போடுகிறாரா என்ன என்பது அவர் கட்சி. அவள் கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள், பேசாமலும் இருந்து பார்த்தாள். ஊரில் இருக்கிறவர்களின் கால்களையெல்லாம் பார்க்கிறவளுக்குச் சொந்தப் புருஷன் காலைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. கிட்டே போனாலே, "ஆஸ்பத்திரியை அங்கேயே விட்டுட்டு வா" என்பார்.

அவர் கேட்கிற ஒரே பேச்சு சாமியின் பேச்சு. 'மாத்திரை போடுப்பா' என்று சாமி ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையை வாங்கத்தான் லீவு போட்டுவிட்டு வந்து காலடியில் உட்கார்ந்திருக்கிறாள்.

கால் துடைக்கிற சாக்கில் குனிந்து, சாமிக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"சாமி, இந்தக் கால்ல உணர்ச்சியே இல்ல. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். விட்டா காலையே எடுக்கிற மாதிரி ஆயிடும்."

சாமி அவளைப் பார்த்தார். ஆசீர்வாதம் பண்ணுகிற பார்வை இல்லை அது. ஆஸ்பத்திரி பெஞ்சில் தன் பெயரை எப்போது கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருப்பவர்களிடம் அவள் தினமும் பார்க்கிற பார்வை.

"தெரியும்மா. போதும், திரும்பிப் போயிடலாம்னு நானும் சொல்லிட்டுத்தான் இருக்கேன். நான் அவங்களச் சோதிக்கிறேன்னு நெனச்சுக்கிறாங்க."

தொண்டர்கள் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நான் சொன்னா யாரும்மா கேக்கிறாங்க?"

இவரிடம் போய் எந்த வார்த்தையைக் கேட்பது?

ஆனாலும் மனசு கேட்கவில்லை. எழுந்து, யாத்திரையை நடத்துகிற செயலாளரிடம் போனாள். சாமியின் காலில் புண் இருக்கிறது, கல் ஏறியிருக்கிறது என்று சொன்னாள். செயலாளர் நல்ல மனிதர்தான், பாவம். கண் கலங்கிவிட்டது.

"நம்ம பாவத்தையெல்லாம் கால்ல வாங்கிக்கிறாரும்மா" என்று தழுதழுத்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த தம்பதியைக் கூப்பிட்டார். அடுத்த சொம்பும் ஆவி பறக்க வந்தது.

வெளியே உச்சி வெயில். வீட்டுக்காரர் படியில் அவளுக்காகக் காத்திருந்தார்.

"சாமி உங்கிட்ட என்னமோ ரகசியமா சொன்னாரே, என்ன?"

சாமி பேரைச் சொல்லி அவள் இதுவரை பொய் சொன்னதில்லை. இப்போது சொன்னாள்.

"உங்கள மாத்திரை போடச் சொன்னாரு."

அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தாலாவது தேவலை.

"அந்தப் பாதத்தத் தொட்டுப் பாத்துட்டு வந்துமா இப்படிப் பேசுற? சாமி அப்படிச் சொல்வாரா?"

செருப்பைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். யாத்திரை முடிகிறவரை அவரும் சாமிக்குப் பின்னால் வெறுங்காலோடுதான் நடக்கப்போகிறாராம். தார் ரோடு இளகிப் பளபளத்துக் கிடந்தது. அதில் இறங்கி, சாப்பிட்டுவிட்டு உலாவப் போகிறவர் மாதிரி நிதானமாக நடந்தார்.

"காலு வெந்துடும்ங்க, வந்துடுங்க." அவள் செருப்பை நீட்டிக்கொண்டே கத்தினாள்.

அவர் நடு ரோட்டில் நின்று திரும்பினார். முகமெல்லாம் பூரிப்பு.

"உங்கிட்ட சொன்னா நம்பமாட்டேன்னுதான் சொல்லல. கொஞ்ச நாளாவே எனக்கும் சுடறதில்ல."