இரண்டு கைக்கு ஒரு கட்டை

"பாஸ்டர், ஞாயித்துக்கிழமை பியானோவுக்கு வேற யாரையாவது போடுங்க. ஜெயசீலி வேணாம்."

பாடகர் குழு மொத்தமும் கேட்கும்படிதான் டைட்டஸ் சொன்னார். ஜெயசீலி பியானோ முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். சபை ஆண்டு விழாவுக்கு மூன்றே நாள்.

"இன்னா பண்ணிச்சு அது?" என்றார் பாஸ்டர் பர்னபாஸ்.

"நீளமா பிடிக்க வேண்டிய நோட்டை ஒவ்வொரு தடவையும் பாதியில உட்டுடறா பாஸ்டர். கேட்டா சிரிக்கிறா. சோம்பேறித்தனம்!"

தன் கோபம் நியாயமானது என்று டைட்டஸே தீர்ப்பும் எழுதியிருந்தார். பெங்களூர் ரயிலில் வேலைக்குப் போக வர, நின்றுகொண்டே ஒரு மாதமாகப் போனில் ஒவ்வொரு நோட்டாக அவர் விழாவுக்கென்று எழுதிய பாட்டு. எழுதியதைப் போனே பிசிறில்லாமல் வாசித்துக் காட்டியது. கேட்டு ஒருநாள் அவருக்கே கண் கலங்கிவிட, உடம்பு சரியில்லையோ என்று யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள்.

"நவுரும்மா. எழுதினவனே வாசிச்சுக் காட்டறேன்."

"அண்ணா, அந்த இடத்துல..."

"நவுரு."

டைட்டஸ் சின்ன வயதில் பியானோ பரீட்சையில் மூன்றாவது கிரேடு பாஸ் செய்தவர். ஒரே ஒரு மார்க்கில் பாஸ் செய்ததை மட்டும் இதுவரை வெளியே சொன்னதில்லை.

ஆரம்பம் ஜோராகப் போனது. அந்த இடம் வந்தது. வலது கட்டைவிரல் அந்த நீள நோட்டுக்காக ஒரு கட்டையை அழுத்திப் பிடித்திருக்க, கீழேயிருந்து ஏறி வந்த இடது கை அதே கட்டையைக் கேட்டது. ஏற்கெனவே அமுங்கிக் கிடப்பதை இன்னொரு முறை எப்படி அமுக்குவது? 'டொக்' என்று நகம்தான் இடித்தது.

மறுபடி வாசித்தார். மறுபடி டொக். பின்வரிசையில் யாரோ இருமுகிற மாதிரி சிரித்தார்கள்.

போனுக்குக் கை கிடையாது என்பது டைட்டஸுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இன்னா ஆச்சு டைட்டஸ்?"

ஜெயசீலி முந்திக்கொண்டாள். "அந்தக் கட்டை அமுக்கினா எழும்பவே மாட்டேங்குது பாஸ்டர். ஒரு வாரமா அப்படித்தான். அண்ணாகிட்ட சொல்ல மறந்துட்டேன். தப்பு என்னுது."

"அதானே பார்த்தேன்!" என்றார் டைட்டஸ், கொஞ்சமும் கூசாமல். பியானோவையும் இரண்டு வார்த்தை திட்டினார்.

எல்லோரும் டீ குடிக்க வெளியே போனார்கள். அவள் சொன்னது நிஜமாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று டைட்டஸ் அந்தக் கட்டையை ஒற்றை விரலால் அமுக்கிப் பார்த்தார். கணீரென்று ஒலித்தது. விரலை எடுத்ததும் எழும்பியது. இன்னொரு முறை அமுக்கினார். அப்போதும் எழும்பியது. அவமானமாக இருந்தது.

வாசலில் பாஸ்டர் போனும் கையுமாக நின்றார். "ரிப்பேர் பண்ற ஆளைக் கூப்பிடறேன் டைட்டஸ். பியானோவுல இன்னா பழுதுன்னு சொல்றது?"

டைட்டஸ் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார். பிறகு, எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்.

"பியானோ நல்லாத்தான் கீது பாஸ்டர். பழுது என் பாட்டுல. ஒரு வாரமா ஜெயசீலிதான் அத்த ரிப்பேர் பண்ணிக்கினு இருக்குது."