என்னைக்கும்

சண்டையில் எல்லோரும் சொல்வதைத்தான் என் புருஷன் குணாளனிடம் நானும் சொன்னேன். "இனி என்னைக்கும் உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்!"

என் கண்ணுக்குள் பொருத்தியிருந்த, சொன்னபடி காட்சியை மாற்றும் லென்ஸ் அதைக் கேட்டுவிட்டது. அன்றிலிருந்து அவன் முகம் எனக்கு வெறும் சாம்பல் நிறம். நிம்மதியாகத்தான் இருந்தது.

பல வருஷம் கழித்து இப்போது அந்தச் சாம்பலை நீக்கச் சொல்லி லென்ஸ் கம்பெனியில் வந்து கத்துகிறேன்.

"'கொஞ்ச நாளைக்கு'ன்னு சொல்லியிருந்தா எடுத்துடலாம் மேடம். 'என்னைக்கும்'னா என்னைக்கும்தான்" என்றான் கவுன்டரில் இருந்தவன்.

"கோவத்துல சொன்னதுய்யா!"

"கோவத்துலதான் எல்லாரும் சொல்றாங்க. சாரை மறுபடியும் பாக்கணுமா?"

"அவன் எக்கேடு கெட்டா எனக்கென்ன? இவளைப் பாருய்யா!"

பக்கத்தில் என் மகள். வளர வளர அப்படியே அப்பன் ஜாடை. நெற்றி, கண், மூக்கு எல்லாம் சாம்பலாகிவிட்டது.

"வாம்மா, போலாம்" என்ற அவள் வாய் மட்டும் தெரிந்தது. அது என் ஜாடை.