எதிரில் ஒரு நாற்காலி

"முகத்தை அஷ்டகோணலாக்கி யாருக்கும்மா காட்டப் போறீங்க? இது ரேடியோ!"

நிகழ்ச்சித் தயாரிப்பாளன் மோரி தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். எதிரே ஹெட்டி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அசைவதாக இல்லை.

"முகம் கோணாம எனக்கு வசனம் வராது தம்பி. அப்புறம், மைக்குக்கு எதிர்ல ஒரு நாற்காலி போடணும். அதுல அவர் உக்காரணும். ரெண்டும் முடியாதுன்னா சொல்லிடு, நான் கிளம்பறேன்."

அவள் காட்டிய மனிதர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூடியோ ஓரமாக நின்றிருந்தார். நல்ல உயரம், நரைத்த மீசை, முழங்கையில் ஒட்டுப்போட்ட கோட்டு. மோரி உள்ளே வந்ததுமே அவரை நலம் விசாரித்திருந்தான். ஆள் சிரித்த முகத்தோடு கையைக் குலுக்கியதோடு சரி, வாயைத் திறக்கவில்லை. நல்ல உம்மணாமூஞ்சி என்று நினைக்கவும் முடியவில்லை. அப்படி ஒரு சிரிப்பு.

சிகாகோவில் நாடகம் பார்க்கிறவர்களில் ஹெட்டியைத் தெரியாதவர் கிடையாது. மூக்கு கொஞ்சம் பெரிசு, அதனால் கதாநாயகி வேஷம் அவள் பக்கமே வரவில்லை. சூப்புப் பாத்திரத்தோடு தடுக்கி விழும் வேலைக்காரி, வாடகை கேட்க வந்து நாற்காலியில் மாட்டிக்கொள்ளும் வீட்டுக்காரி, மாப்பிள்ளையைத் துடைப்பத்தால் துரத்தும் மாமியார் என்றே காலம் ஓடியது. ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் நடித்த கொட்டகையில் இப்போது பேசும் படம் காட்டுகிறார்கள். இரண்டு ரேடியோ நிலையங்கள் இந்த நாற்காலி நிபந்தனையைக் கேட்டதுமே வாசலைக் காட்டிவிட்டன. இதுவும் கைவிட்டுப் போனால் வேறு போக்கிடம் இல்லை. அது மோரிக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மோரி ரேடியோவுக்கு வருவதற்கு முன் நாடகத்தில் திரை இழுத்தவன். அங்கே உள்ள வழக்கமெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. காமெடி நடிகர்கள் முதல் வரிசையில் சொந்த ஆளை உட்கார வைப்பார்கள். அவர் முதல் சிரிப்பைக் கிளப்பிவிட்டால், மற்ற சனம் தொற்றிக்கொள்ளும்.

"சிரிக்கத்தானேம்மா ஆள் வேணும்? ஒரு கூட்டத்தையே நாங்க டிக்கெட் கொடுத்து உக்கார வைக்கிறோம். கூலிக்குச் சிரிக்கிறவர் எதுக்கு?"

ஹெட்டிக்கு முகம் சிவந்துவிட்டது. "அவரைப் பத்தி ஒண்ணும் கேக்காதே. சொன்னா எல்லாரும் ஐயோ பாவம்பாங்க. அவருக்கு அது ஆகாது."

வேலை போன மனுஷர் போலிருக்கிறது என்று மோரி நினைத்துக்கொண்டான். அந்த வருஷம் ஊரில் பாதிப்பேருக்கு அந்தக் கதிதான்.

"சரிம்மா. எனக்காக ஒரே ஒரு தடவை நாற்காலி இல்லாம, முகத்தை ஆட்டாம படிங்க. சோப்புக் கம்பெனி முதலாளி உள்ளே உக்காந்திருக்கார். நிகழ்ச்சிக்குக் காசு போடறவர் அவர்தான்."

கண்ணாடி அறைக்குள் முதலாளி பிரெஸ்காட் சுருட்டோடு உட்கார்ந்திருந்தார். ஹெட்டி பெருமூச்சு விட்டாள். அந்த மனிதரின் தோளைத் தொட்டு, வெளியே இருக்கும்படி கதவைக் காட்டினாள். அவர் போனார். அவள் மைக்கின் முன்னால் விறைத்து நின்று, மளிகைச் சாமான் சீட்டை வாசிப்பதுபோல வாசித்து முடித்தாள். ஈ காக்கைகூடச் சிரிக்கவில்லை.

ஒலிபெருக்கியில் பிரெஸ்காட்டின் குரல் வந்தது. "இந்தம்மாவா ஊரையே சிரிக்க வச்சது? அடுத்த ஆளைக் கூப்பிடு."

ஹெட்டி கையுறையை மாட்டத் தொடங்கினாள். மோரிக்குத் தாங்கவில்லை. அவள் மாமியாராக நடித்த ஒரு நாள், சிரித்த சிரிப்பில் திரையை இறக்க மறந்து திட்டு வாங்கியவன் அவன்.

"ஐயா, இன்னும் ஒரே தடவை!" என்று கண்ணாடியைப் பார்த்துக் கும்பிட்டான். ஓடிப்போய் அந்த மனிதரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தான். நாற்காலியையும் அவனே போட்டான்.

மைக் திறந்துவிட்டது என்று சிவப்பு விளக்கு எரிந்தது. எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். அந்த மனிதர் மட்டும் நாற்காலியைக் கரகரவென்று முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அட கடவுளே, நாடகத்துக்கே வந்து பழகிய மனுஷருக்கு இதுகூடத் தெரியாதா! மோரி பல்லைக் கடித்தான்.

ஹெட்டி அவரைப் பார்த்தாள். ஒரு புருவம் மேலே போனது. மூக்கு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். இல்லாத துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு இல்லாத மாப்பிள்ளையை விரட்டினாள். வசனம் தானாக வந்து விழுந்தது. எதிரே அந்த மனிதர் தொடையில் தட்டிக்கொண்டு, கூச்சநாச்சமில்லாமல், கூரை அதிரச் சிரித்தார். மூலையில் உட்கார்ந்திருந்த நிலையத்து வாத்தியக்காரர்கள் சிரித்தார்கள். மோரி வாயைப் பொத்திக்கொண்டான். கண்ணாடிக்குப் பின்னால் சுருட்டு கீழே விழுந்தது.

பிரெஸ்காட் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"நாற்காலியும் உண்டு, முகக்கோணலும் உண்டு, கையெழுத்தைப் போடுங்கம்மா! இவரும் வாராவாரம் வந்தாகணும். நகைச்சுவையை இப்படி ரசிச்சுக் கேக்கற மனுஷரை நான் பார்த்ததே இல்லை. ஐயா, எந்த ஜோக் உங்களுக்கு ரொம்பப் பிடிச்சுது?"

அவர் ஹெட்டியையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பிரெஸ்காட் உரக்க இன்னொரு முறை கேட்டார்.

ஹெட்டி அருகே போய் அவருடைய கழுத்துப்பட்டையைச் சரிசெய்தாள்.

"இவர் என் வீட்டுக்காரர் ஐயா. பாய்லர் பட்டறையில சம்மட்டி அடிச்சு அடிச்சு, எங்க கல்யாணத்துக்கு முன்னாடியே ரெண்டு காதும் போயிடுச்சு. என் குரல் எப்படி இருக்கும்னே இவருக்குத் தெரியாது."